புல்தரையில் குளவி எதைத் தேடுகிறது?

கேள்வி: வீட்டை ஒட்டிய புல்தரையில் மூன்று வாரமாகக் காலை வெயில் ஏறியதும் ஐம்பது அறுபது குளவிகள் தரையை உரசுவதுபோலத் தாழப் பறக்கின்றன. கறுப்பு உடம்பு, மஞ்சள் பட்டை, நல்ல பருமன். மூலையில் வெட்டிய புல், சருகு, சமையலறைக் கழிவு எல்லாவற்றையும் குவித்து வைக்கிறோம். அங்கே ஒல்லியான வேறு குளவிகள் மொய்க்கின்றன. போன வாரம் புல் வெட்ட வந்தவரை வேலியோரத்தில் இரண்டு குளவிகள் கொட்டிவிட்டன. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. புல்லில் என்ன இருக்கிறது என்று இப்படி வருகின்றன? தரை முழுக்கப் பூச்சிமருந்து அடிக்கலாமா? இரவில் பொந்தைத் தேடிப் பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

பெட்ரோல் வேண்டாம். தரை முழுக்க மருந்தும் வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்: உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, மூன்று. புல்தரையில் வட்டமிடுவது ஒரு குளவி, குவியலில் மொய்ப்பது இன்னொன்று, வேலியோரத்தில் கொட்டியது அநேகமாக மூன்றாவது ஒரு சங்கதி. மூன்றுக்கும் ஒரே மருந்து அடித்தால், தொல்லை தராததுதான் முதலில் சாகும்.

புல்லைத் தின்ன எந்தக் குளவியும் வருவதில்லை. வளர்ந்த குளவி குடிப்பது இனிப்பு நீர். அதன் குஞ்சுப் புழுவுக்குத்தான் இறைச்சி வேண்டும். ஆகவே புல்தரையில் குளவி தெரிந்தால், புல்லுக்கு அடியில் அல்லது மேலே ஏதோ ஓர் இரை இருக்கிறது, அல்லது தேன், தண்ணீர், கூட்டுக்கான இடம் இவற்றில் ஒன்று கிடைக்கிறது என்று பொருள்.

முதலில் அந்த ஐம்பது அறுபது. கணுக்கால் உயரத்தில், எட்டு எழுதுவதுபோல வளைந்து வளைந்து, எங்கும் உட்காராமல் பறக்கின்றனவா? உடம்பில் பூனைமயிர் போன்ற ரோமமும், வெயிலில் நீலம் அடிக்கும் கருஞ்சிறகும் தெரிகின்றனவா? அப்படியானால் அவை ஸ்கோலியா வகைக் குளவிகள். இவற்றுக்குக் கூட்டுக் குடும்பம் இல்லை, காக்க வேண்டிய கூடும் இல்லை. அதனால் நீங்கள் நடுவில் நடந்துபோனாலும் துரத்திவந்து கொட்டுவதில்லை. தாழ வட்டமிடுபவற்றில் பெரும்பாலானவை ஆண்கள், மண்ணிலிருந்து வெளிவரும் பெண்ணுக்காகக் காத்திருப்பவை. ஆண் குளவிக்குக் கொடுக்கே கிடையாது. இந்த வகையில் ஆணின் வால்நுனியில் மூன்று முட்கள் இருக்கும். பிடித்தால் குத்துவதுபோலப் பாவனை செய்யும், விஷம் இல்லை. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்தாலோ வெறுங்காலில் மிதித்தாலோதான் கொட்டும்.

பெண் குளவி தேடி வருவது வேர்ப்புழுவை. வண்டுகளின் புழு அது. வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, தோண்டி எடுத்தால் அரைவட்டமாகச் சுருண்டுகொள்ளும். குளவி மண்ணைத் துளைத்துப் புழு இருக்கும் இடத்துக்கே போய், கொட்டிச் செயலிழக்க வைத்து, அதன் மேல் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு வெளியேறிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்தப் புழுதான் முழுச் சாப்பாடு. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டை ஒடுக்க இந்த இனக் குளவிகளைப் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டதும் உண்டு. ஆக, உங்கள் தரையில் காலை வேளையில் கூலி வாங்காமல் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை மருந்தடித்து நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் இத்தனை குளவி என்றால் புழுவும் கணிசமாக இருக்கும். அளந்து பாருங்கள். புல் மஞ்சளிக்கும் இடமும் பச்சையாக இருக்கும் இடமும் சேரும் ஓரத்தில், 30 செ.மீ.க்கு 30 செ.மீ. சதுரமாக, மூன்று பக்கம் மட்டும் மண்வெட்டியால் 8 முதல் 10 செ.மீ. ஆழம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீலாக வைத்துப் பாயைப் புரட்டுவதுபோலப் புரட்டுங்கள். முழுக்கக் காய்ந்துபோன நடுப்பகுதியில் பார்த்துப் பயனில்லை. அங்கே வேர் தீர்ந்து புழு நகர்ந்திருக்கும். எண்ணிவிட்டு மண்ணை மூடி மிதித்து, தண்ணீர் விட்டால் புல் மறுபடி பிடித்துக்கொள்ளும். நாலைந்து இடத்தில் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். ஒரு சதுரத்துக்கு 5 புழுவுக்குக் கீழே என்றால், திடமான புல் தாங்கும். எதுவும் செய்ய வேண்டாம். 10 தாண்டினால் வேர் போய்விடும், புல் கையோடு பெயர்ந்து வரும். அப்போது தலையிட வேண்டியதுதான்.

புழு ஏன் பெருகியது என்பதற்கு மூன்று வழக்கமான காரணங்கள். ஒன்று, புல்தரைக்கு மேல் இரவு முழுக்க எரியும் விளக்கு. வண்டு வெளிச்சத்துக்கு வந்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே முட்டையிடும். இரண்டு, மட்காத சாண எருவைப் புல்லின் மேல் தூவுவது. அதிலேயே முட்டையும் குட்டிப் புழுவும் இருக்கும், இல்லாவிட்டால் அந்த வாசனைக்கு வண்டு வரும். மூன்று, தினமும் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பது. மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வண்டுக்கு முட்டையிடத் தோது, புல்லுக்கோ வேர் ஆழமாக இறங்குவதில்லை. தினமும் தெளிப்பதற்குப் பதில், நாலைந்து நாளுக்கு ஒரு முறை காலையில், 10 முதல் 15 செ.மீ. ஆழம் நனையும்படி விடுங்கள். மணற்பாங்கான மண் என்றால் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தலையிட வேண்டிய அளவு புழு இருந்தால், பூச்சியைத் தாக்கும் நூற்புழுக்கள் நல்ல தேர்வு. ஹெட்டெரோராப்டிடிஸ் என்ற பெயரில் கிடைக்கும். உயிருள்ள சரக்கு என்பதால் காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயில் பட்டால் செத்துப்போகும். மாலையில், ஏற்கெனவே நனைத்த தரையில் ஊற்றி, ஊற்றியதும் மறுபடி தண்ணீர் விட்டு, அடுத்த இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை மறந்துவிடலாம். மெட்டாரைசியம் பூஞ்சையும் வேலை செய்யும். நன்கு மட்கிய எருவில் கலந்து தூவுவது வழக்கம், அதோடு பூஞ்சைக்கொல்லி எதையும் அடிக்கக் கூடாது. இரண்டுமே சிறிய புழுவிடம்தான் நன்றாகப் பலிக்கும். விரல் பருமனுக்கு வளர்ந்த புழு எளிதில் மசியாது.

தரை முழுக்க அடிக்கும் மருந்து ஏன் வேண்டாம் என்றால், புழு இருப்பது மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில். புல்லின் மேல் அடித்த மருந்தில் பெரும்பகுதி வேருக்கு மேலே உள்ள காய்ந்த நார்ப்படலத்திலேயே நின்றுவிடும். கீழே புழு உயிரோடு இருக்கும். மேலே குளவியும் தேனீயும் சாகும், குழந்தை அந்தப் புல்லில் புரளும்.

இனி மூலைக் குவியல். உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது இங்கேதான், சரிசெய்ய எளிதானதும் இதுதான்.

குவியலுக்கு எதிரே பத்து நிமிடம், நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, ஒரே ஒரு குளவியை மட்டும் கண்ணால் தொடருங்கள். பழத்தோலில் தலை கவிழ்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது சாறு குடிக்கிறது. குவியலின் மேல் தாழ்வாக அலைந்து சட்டென்று பாய்ந்தால் ஈ பிடிக்கிறது. பிடித்த ஈயை அது அப்படியே தூக்கிப்போகாது. பக்கத்துக் குச்சியில் பின்னங்கால் ஒன்றால் தொங்கிக்கொண்டு, சிறகைக் கத்தரித்து, காலைக் கத்தரித்து, மார்புச் சதையை மட்டும் மென்று உருண்டையாக்கி எடுத்துப் போகும். கீழே ஈயின் சிறகுகள் உதிர்ந்து கிடக்கும். காய்ந்த குச்சி, மூங்கில், வேலிக் கம்பு இவற்றின் மேல் தலையை ஆட்டி ஆட்டிப் பின்னோக்கி நகர்ந்தால் நார் சுரண்டுகிறது. காற்று அடங்கியிருந்தால் கரகரவென்று சத்தம்கூடக் கேட்கும், சுரண்டிய இடத்தில் வெளிறிய கோடுகள் விழும். அந்த நாரை எச்சிலில் குழைத்துத்தான் கூட்டுக்கான காகிதத்தைச் செய்கிறது.

சாறு குடிப்பவை அதிகமா, ஈ பிடிப்பவை அதிகமா என்பதிலிருந்து கூடு எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். கூட்டில் குஞ்சுகள் நிறைய இருக்கும்போது வேலைக்காரக் குளவிகள் இறைச்சிக்கு அலையும். ஊட்டிய குஞ்சு பதிலுக்கு ஒரு துளி இனிப்பு நீரைக் கக்கும், அதுவே ஊட்டியவற்றுக்குச் சாப்பாடு. குஞ்சுகள் குறைந்ததும் அந்த இனிப்பு நின்றுபோகிறது. அப்போதுதான் பழத்தோலையும், திறந்து வைத்த குளிர்பானத்தையும் தேடி மனிதர்களுக்கு நடுவே வந்து மொய்க்கும். புளித்த பழத்திலிருந்து எழும் சாராய வாசனையும் காடி வாசனையும் வெகுதூரத்திலிருந்தே இழுத்துவிடும்.

ஆக, குவியலில் புளிப்பும் ஈயும் இல்லாமல் செய்துவிட்டால் குளவிக்கு அங்கே வேலை இல்லை. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றுதான்: ஈரக் கழிவு அதிகம், காய்ந்த கழிவு குறைவு, மேலே மூடாக்கு இல்லை. குறிப்பாக வெட்டிய புல். அதை 5 செ.மீ.க்கு மேல் கனமாகக் கொட்டினால் இரண்டே நாளில் ஒட்டிக் கட்டியாகி, காற்றுப் போகாமல் கொழகொழவென்று நாறும். ஈ முட்டையிடுவது அங்கேதான். வெட்டிய புல்லை ஒரு நாள் வெயிலில் பரப்பி வாட்டிவிட்டுச் சேருங்கள். அதைவிட நல்லது, ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், வெட்டியதைத் தரையிலேயே விட்டுவிடுவது. குட்டைத் துண்டுகள் சில நாளில் காய்ந்து மண்ணோடு போய்விடும்.

குவியலை இப்படித் திருத்தி அடுக்குங்கள். ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று கூடை சருகு, காய்ந்த குச்சித் துண்டு, கிழித்த அட்டை. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சிகளைப் பரப்பிவிட்டால் கீழிருந்து காற்று ஏறும். சமையலறைக் கழிவை மேலே கொட்டாமல், நடுவில் 20 முதல் 25 செ.மீ. ஆழம் பறித்துப் புதைத்து, மேலே 10 செ.மீ. சருகோ மட்கிய உரமோ போட்டு மூடுங்கள். பழத்தோல் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. இந்த ஒரே மாற்றத்தில் மூன்று நான்கு நாளில் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் யாரோ ஒருவர் மேலாக வீசிவிட்டுப் போகிறார் என்று அர்த்தம். வீட்டில் விசாரியுங்கள்.

ஈரப்பதத்துக்குக் கைப்பிடிக் கணக்கு போதும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். முற்றிலும் காய்ந்த குவியலும் ஆபத்துதான். வெதுவெதுப்பும் பொந்தும் உள்ள, யாரும் கிளறாத குவியலைக் குளவியே கூடு கட்ட எடுத்துக்கொள்ளும்.

நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் இல்லாவிட்டால் குவியல் சூடேறாது. சூடு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் போனால் ஈயின் முட்டையும் புழுவும் உள்ளே பிழைக்காது. வெப்பமானி இல்லையென்றால், இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். தொட்டுக்கொண்டே இருக்க முடியாத அளவு சுட வேண்டும். வெப்பமான நாட்களில் ஈயின் முட்டை முழு ஈயாக 7 முதல் 10 நாள் ஆகும். நாலைந்து நாளுக்கு ஒரு முறை ஓரத்தை உள்ளேயும் உள்ளதை ஓரத்துக்கும் புரட்டினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். மூடியுள்ள தொட்டி வைத்திருந்தால், காற்றுத் துளைகளுக்கு 2 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள வலையை உள்பக்கமாக ஒட்டுங்கள்.

புரட்டும்போது கட்டைவிரல் பருமனில் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடைக்கலாம். அவற்றைத் தேடித்தான் சில ஸ்கோலியாக் குளவிகள் குவியலுக்குள்ளும் இறங்கும். புழுவை ஒரு பலகையில் விட்டுப் பாருங்கள். முதுகுப்புறம் திரும்பி, மல்லாந்தபடி ஊர்ந்து போனால் அது மலர்வண்டின் புழு. மட்கும் குப்பையைத் தின்று உரமாக்கும், திரும்ப உள்ளே போட்டுவிடலாம். அருகில் தென்னையோ பனை வகையோ இருந்து, புழு பக்கவாட்டில் சுருண்டே கிடந்தால், காண்டாமிருக வண்டாக இருக்கலாம். அதைப் பொறுக்கி அழித்துவிடுங்கள்.

இந்த வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை: புரட்டும் கருவியைச் செருகும் முன் குவியலை எல்லாப் பக்கமும் பத்து நிமிடம் தூரத்திலிருந்து கவனியுங்கள். பல குளவிகள் ஒரே துளையில் நேராக நுழைந்து நேராக வெளியேறினால், கூடு உள்ளேயே இருக்கிறது. அப்படியானால் கை வைக்காதீர்கள்.

வேலியோரத்தில் கொட்டியதும் அநேகமாக இப்படி ஒரு கூடுதான். எலி விட்டுப்போன வளையைக் குளவிகள் எடுத்துக்கொண்டு, மண்ணைத் துணுக்குத் துணுக்காக வெளியே கொண்டுபோய்ப் போட்டு அகலப்படுத்திக்கொள்ளும். வெளியே தெரிவது ஒரு துளை மட்டும், உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கலாம். புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வு மண் வழியாகப் போனதும் காவல் குளவிகள் வெளியே பாயும். குளவிக் கொடுக்கு தேனீயினுடையதைப்போல உடம்பில் சிக்கி அறுந்துபோவதில்லை, ஒரே குளவி பல முறை கொட்டும். கொட்டும்போது வெளிப்படும் வாசனை மற்றவற்றையும் அழைக்கும். புதரில் காகிதத்தால் செய்த, அறைகள் கீழ்நோக்கித் திறந்த சிறு அடை தொங்குகிறதா என்றும் பாருங்கள். இரண்டு குளவிகள் மட்டும் கொட்டியது அதனாலும் இருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க, சாய்வெயில் நேரத்தில் ஆறேழு மீட்டர் தள்ளி, சூரியனைப் பார்த்தபடி நில்லுங்கள். எதிர்வெளிச்சத்தில் சிறகுகள் மின்னும், போக்குவரத்து எங்கே போய் மறைகிறது என்பது தெரிந்துவிடும். துளையருகே போய்க் குச்சி நட வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே படம் எடுத்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, ஒரு துளைக்கு ஒரு குளவி மட்டும் போய்வந்து, வாயில் சிறு மண்மேடு இருந்தால், அது தனியாக வாழும் வேட்டைக் குளவி. வெற்றுமண் திட்டில்தான் தோண்டும். அந்த இடத்தில் புல்லை அடர்த்தியாக வளர்த்துவிட்டால் தானே இடம் மாறும்.

கூட்டமாக உள்ள கூடு என்று உறுதியானால் பாதுகாப்பு உடையுள்ள, பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். அந்திக்குப் பின், எல்லாம் கூடடைந்ததும், துளை வாயில் மருந்துப் பொடியிட்டு முடிப்பார்கள். அதன்பின் இரண்டு நாள் போக்குவரத்து இல்லை என்று உறுதியான பிறகே துளையை மண் போட்டு மூடுங்கள். உயிருள்ள கூட்டின் வாயை அடைத்தால் வேறு பக்கம் குடைந்து வெளிவரும். கூடு சுவரோரமாக இருந்தால் அந்த வேறு பக்கம் வீட்டுக்குள்ளாகவும் இருக்கலாம். பெட்ரோல் ஊற்றினால் ஆவி தீப்பற்றும், மண்ணும் நிலத்தடி நீரும் கெடும். வளை வளைந்து போனால் கூடுவரை போய்ச் சேராது, கோபத்தோடு ஒரு கூட்டம் மிச்சமிருக்கும்.

அதுவரை அந்த வேலியோரம் ஆறு மீட்டருக்குப் புல் வெட்ட வேண்டாம். மற்ற இடங்களில் வெட்டுமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பாய்ந்து வந்தால் இயந்திரத்தை விட்டுவிட்டு, கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு நேராகக் கட்டடத்துக்குள் ஓட வேண்டும்.

பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் பொறியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். குவியலையும் கூட்டையும் விட்டுவிட்டுப் பொறி மட்டும் வைத்தால், இல்லாத குளவியையும் விருந்துக்கு அழைத்ததாகும். வைத்தே தீர வேண்டுமானால், சாறு 200 மி.லி.யில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் (தேனீ ஒதுங்கிவிடும்), ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் (உள்ளே விழுந்தது மூழ்கிவிடும்) கலந்து, ஆட்கள் புழங்கும் இடத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி மாட்டுங்கள்.

குழந்தை விஷயத்தில்: செருப்பு இல்லாமல் புல்லில் இறக்காதீர்கள், திறந்த குவளையில் பழச்சாறு கொடுத்து வெளியே விடாதீர்கள். குளவி விழுந்த பானத்தைக் குடித்து வாயிலோ தொண்டையிலோ கொட்டு வாங்கினால் வீக்கம் மூச்சை அடைக்கும், உடனே மருத்துவமனை. தோலில் ஒன்றிரண்டு கொட்டு என்றால் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் போதும். உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ முகமோ வீங்குதல், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள், அட்ரினலின் ஊசி தேவைப்படும். ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் கொட்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை என்றால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் காட்டுங்கள். தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம், அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது அதற்கான அடையாளம்.

புல் வெட்டியவரிடமும் கேட்டுப் பாருங்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்கியிருந்தால் பயமில்லை. உடம்பு முழுக்கத் தடித்தது என்று சொன்னால், அடுத்த கொட்டு அவருக்கு உயிராபத்தாகலாம். மருத்துவரைப் பார்க்காமல் அவரை மறுபடி அந்தத் தரையில் இறக்காதீர்கள்.